லண்டனிலிருந்து காரில்லாமல் ஒரு நாளில் போய்வரக்கூடிய காடு எது?

கேள்வி கேட்டவர் கிழக்கு லண்டனில் இருக்கிறார். கார் இல்லை. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். பார்க்குகளைச் சுற்றிச் சுற்றி அலுத்துவிட்டது, உண்மையான காடு ஒன்றைக் காட்ட வேண்டும் என்கிறார். எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான்: எப்பிங் காடு. நான் இல்ஃபோர்டு பக்கம் குடியிருப்பவன், அதனால் கொஞ்சம் பக்கத்து வீட்டுப் பாசமும் இதில் கலந்திருக்கும், கழித்துக்கொள்ளுங்கள்.

முதுமலையையோ சத்தியமங்கலத்தையோ மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாந்துதான் போவீர்கள். யானை இல்லை, மலை இல்லை, காட்டுக்கு நடுவிலேயே பெரிய சாலைகள் ஓடுகின்றன. பெரும்பாலான இடங்களில் காதைத் தீட்டினால் எங்கிருந்தோ வண்டிச் சத்தம் கேட்கும். தெற்கே மேனர் பார்க்கிலிருந்து வடக்கே எப்பிங் ஊர்வரை சுமார் 19 கிலோமீட்டர் நீளம், ஆனால் அகலமான இடத்தில்கூட 4 கிலோமீட்டர்தான். மொத்தம் ஏறக்குறைய 2,400 ஹெக்டேர். நுழைவுக் கட்டணம் இல்லை, வாசல் இல்லை, மூடும் நேரம் இல்லை.

மனிதக் கை படாத காடு என்பது இங்கே கிடைக்காது. நூற்றாண்டுக் கணக்கில் கைபட்ட காடு இது, பார்க்க வேண்டியதும் அந்தக் கையின் தடத்தைத்தான். பலரும் காரில் காட்டுக்குள் இருக்கும் ஹை பீச் என்ற இடத்துக்கு வந்து, ஐஸ்கிரீம் சாப்பிட்டு, புல்வெளியில் நாலு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அது தப்பு இல்லை. ஆனால் மரங்களுக்கு நடுவே ஒரு மணி நேரமாவது நடக்காமல் இந்தக் காட்டைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது.

காட்டை ஒட்டிய லௌட்டன் ஊர்ப் பக்கம் மேட்டில் ஏறியதும் பீச் (beech) மரங்கள் வரும். ஏதாவது ஒரு பெரிய மரத்துக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். பட்டை வழவழவென்று சாம்பல் நிறம், ஆனையின் கால் போல. அடிமரம் பருத்து, முண்டும் முடிச்சுமாக ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே வரைக்கும் போகும். அதற்கு மேல் ஒற்றைத் தண்டு கிடையாது. ஒரே இடத்திலிருந்து ஐந்தாறு கிளைகள், ஒவ்வொன்றும் தனி மரம் அளவுக்குத் தடியாக, வானத்தை நோக்கிக் கிளம்பும். கிளைகள் பிரியும் இடத்தில் ஒரு கிண்ணம் மாதிரிக் குழி. மழைத் தண்ணீர், மக்கிய இலை, சில சமயம் அதற்குள்ளேயே முளைத்த ஹாலிச் செடி எல்லாம் இருக்கும். தாழ்வான களிமண் பகுதிக்கு இறங்கினால் ஹார்ன்பீம் மரங்கள், அவையும் இதே வடிவம்தான், கொஞ்சம் முறுக்கிக்கொண்டு. என் அப்பா முதல் மரத்தைப் பார்த்ததுமே, "இது தானா வளர்ந்த மரம் இல்லப்பா, வெட்டி வெட்டி விட்டது" என்று சொல்லிவிட்டார். விவசாயி கண்.

அவர் சொன்னது சரி. சுற்று வட்டார ஏழைகளுக்கு இந்த மரங்களின் கிளைகளை விறகுக்கு வெட்டிக்கொள்ளும் உரிமை இருந்தது. ஆள் உயரத்துக்கு மேல்தான் வெட்டுவார்கள். அதற்குக் கீழே வெட்டினால் புதுத் துளிரை மாடும் மானும் தின்றுவிடும். லௌட்டனில் நவம்பர் 11 நள்ளிரவில் தொடங்கி ஏப்ரல் 23 வரை வெட்டலாம். நிலத்துக்குச் சொந்தக்காரர் வேறொருவர், விறகும் மேய்ச்சலும் ஊராருக்கு. இப்படித்தான் காலங்காலமாக ஓடிக்கொண்டிருந்தது.

19-ஆம் நூற்றாண்டில் லண்டன் வீங்க ஆரம்பித்ததும் நிலத்துக்கு விலை வந்துவிட்டது. பக்கத்திலிருந்த ஹெய்னால்ட் காட்டை 1851-இல் ஒரு சட்டம் போட்டு, பெரும்பகுதியை வேரோடு பிடுங்கி வயலாக்கிவிட்டார்கள். எப்பிங்கிலும் நிலவுடைமையாளர்கள் வேலி போடத் தொடங்கினார்கள். லௌட்டனில் தாமஸ் வில்லிங்கேல் என்ற கூலித் தொழிலாளி வேலியைப் பொருட்படுத்தாமல் வழக்கம்போல வெட்டப் போனார். 1866-இல் அவர் குடும்பத்து ஆட்கள் ஜெயிலுக்கே போனார்கள். அவரைப் பற்றி ஊரில் ஒரு கதை சொல்வார்கள்: நவம்பர் 11 நள்ளிரவில் யாரும் முதல் வெட்டு வெட்டாவிட்டால் உரிமை போய்விடும் என்பதால், அன்றைக்கு நிலவுடைமையாளர் தரப்பில் விறகு வெட்டிகளுக்கெல்லாம் விருந்து போட்டுக் குடிக்கவைத்துப் பூட்டிவைத்தார்களாம். வில்லிங்கேல் கதவை உடைத்துக்கொண்டு போய், வெட்டிய கிளையோடு திரும்பி வந்து நின்றாராம். நடந்ததோ இல்லையோ, சொல்ல நன்றாக இருக்கிறது.

ஆனால் வழக்கை முடித்துவைத்தது விறகு வெட்டிகள் அல்ல, பணம் இருந்தவர்கள். லண்டன் நகரக் கார்ப்பரேஷன் தன் கல்லறைத் தோட்டத்துக்காக ஆல்டர்ஸ்புரூக்கில் ஒரு பண்ணை நிலம் வாங்கியிருந்தது. அந்த நிலத்தோடு காட்டில் மாடு மேய்க்கும் உரிமையும் சேர்ந்து வந்தது. மேய்ச்சல் உரிமை உள்ளவர் என்ற முறையில் கார்ப்பரேஷன் கோர்ட்டுக்குப் போய் 1874-இல் ஜெயித்தது. போட்ட வேலிகளைச் சட்டவிரோதம் என்று கோர்ட் சொல்லிவிட்டது. 1878-இல் எப்பிங் காட்டுச் சட்டம் வந்தது. 1882 மே 6 அன்று விக்டோரியா ராணி ரயிலில் சிங்ஃபோர்டு வந்திறங்கி, ஹை பீச்சில் வைத்து, காட்டை என்றென்றைக்கும் மக்களின் உபயோகத்துக்கு என்று அர்ப்பணித்தார். இன்றைக்கும் பராமரிப்பது அதே கார்ப்பரேஷன்தான்.

எனக்குப் பொறுக்காத இடம் இதற்கு அப்புறம் வருகிறது. அதே சட்டம் விறகு உரிமையை எடுத்துவிட்டது. ஜெயிலுக்குப் போனவர்களின் ஊருக்கு நஷ்டஈடு கிடைத்தது, அந்தப் பணத்தில் 1884-இல் லௌட்டனில் ஒரு மன்றம் கட்டினார்கள். லாப்பிங் ஹால் என்று பெயர் (லாப்பிங் என்றால் கிளை வெட்டுவது), ஹை ரோட்டில் இன்னும் நிற்கிறது, ஸ்டேஷனிலிருந்து காட்டுக்குப் போகும் வழியிலேயே பார்க்கலாம். அதோடு மரங்களை வெட்டுவது நின்றது. நின்றதும் கிளைகள் பாட்டுக்கு வளர்ந்து, இன்று தலைக்கனம் தாங்காமல் பிளந்து விழுகின்றன. பீச் மரங்களின் நிழல் அடர்ந்து தரையில் ஒன்றும் முளைக்காமல் போய்விட்டது. அதனால் இப்போது பராமரிப்பாளர்களே சில பகுதிகளில் மறுபடியும் கிளை வெட்ட ஆரம்பித்திருக்கிறார்கள். புதிதாக மொட்டையடித்த மரங்களைப் பார்த்தால் "ஐயோ, காட்டை அழிக்கிறார்களே" என்று பதறவேண்டாம்.

சரி, எப்படிப் போவது. நடக்கக்கூடியவர்கள் சென்ட்ரல் லைன் ட்யூபில் லௌட்டன் இறங்குங்கள். இருபது நிமிட நடையில் காடு வந்துவிடும். அங்கிருந்து லௌட்டன் கேம்ப் என்ற மண் கோட்டைக்குப் போகலாம். இரும்புக் காலத்தது, சுமார் 2,500 வருடப் பழசு. கோட்டை என்றதும் சுவரைத் தேடாதீர்கள். மேடும் அகழியும் மட்டும்தான், அதன் மேலேயே பழைய பீச் மரங்கள் நிற்கின்றன, வேர்கள் மண் சரிவைப் பிடித்துக்கொண்டு வெளியே தெரியும். வடக்கே இன்னும் நடந்தால் ஆம்ப்ரெஸ்பரி பேங்க்ஸ் என்று இதே மாதிரி இன்னொன்று. பௌடிக்கா ராணி ரோமானியரோடு கடைசியாகப் போரிட்டது இங்கேதான் என்பார்கள், ஆதாரம் கிடையாது. அப்படியே எப்பிங் ஸ்டேஷன்வரை போய் ட்யூப் பிடித்துவிடலாம். வழி தவறுவது சுலபம். எல்லா மரமும் ஒரே மாதிரி இருக்கும், பாதைகள் இஷ்டத்துக்குப் பிரியும், கைகாட்டிப் பலகைகள் குறைவு, போனில் சிக்னல் நடுவில் போய்விடும். வரைபடத்தை முன்னாலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

காட்டோடு சேர்த்துச் சுற்றியுள்ள கிராமப்புறமும் பார்க்க வேண்டுமென்றால், நான் தேடன் பாய்ஸ் ஸ்டேஷனைத்தான் சொல்வேன். அங்கிருந்து ஓக் டிரெயில் என்று ஒரு சுற்றுப் பாதை கிளம்புகிறது. சுமார் 10 கிலோமீட்டர், அடையாளம் போட்டிருக்கிறார்கள். பாதி வயல், பாதி காடு. தெருவிளக்கே வேண்டாம் என்று முடிவுசெய்து இன்றுவரை இருட்டாகவே இருக்கும் கிராமம் அது, அதனால் குளிர்காலத்தில் போனால் மூன்று மணிக்கெல்லாம் திரும்பப் பாருங்கள். வழியில் மான் சரணாலயம் ஒன்று உண்டு. உள்ளே விடமாட்டார்கள், வேலிக்கு வெளியே நின்று கருநிற ஃபாலோ மான்களைத் தேடலாம். கண்ணில் படுவது அவரவர் அதிர்ஷ்டம்.

வயல்வெளி நடை நம் ஆட்களுக்கு முதலில் கூச்சமாக இருக்கும். அடுத்தவன் கோதுமைக்குள் எப்படி இறங்குவது? என் அம்மா வரப்பிலேயே நின்றுவிட்டார். "யாராச்சும் வந்து திட்டப் போறாங்கடா" என்று. இங்கிலாந்தில் பொது நடைபாதை என்று வரைபடத்தில் குறித்திருந்தால் அது தனியார் நிலத்துக்குள் போனாலும் நடக்க எல்லாருக்கும் சட்டப்படி உரிமை உண்டு. விவசாயிதான் பயிருக்கு நடுவே வழிவிட வேண்டும். கம்பத்தில் மஞ்சள் அம்புக்குறி இருந்தால் நடப்பவர்களுக்கு, நீலம் என்றால் குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து. பாதையை விட்டு விலகாதீர்கள், மூடியிருந்த கேட்டைத் திறந்தால் மறுபடி மூடுங்கள், அவ்வளவுதான் மரியாதை. ஏப்ரல் கடைசி, மே மாதங்களில் எண்ணெய்க்கடுகு பூத்து வயலே மஞ்சளாக இருக்கும்.

எப்பிங் ஊருக்கு வெளியே பெல் காமனில் ஒரு கிரிக்கெட் மைதானம் இருக்கிறது. அதற்கு அடியில் எம்25 நெடுஞ்சாலை சுரங்கமாகப் போகிறது. காட்டு ஓரத்தை வெட்டாமல் இருக்க சாலையைத் தரைக்குள் இறக்கி, மேலே மறுபடி மைதானத்தைப் போட்டார்கள், 1984-இல் திறந்தது. கிரிக்கெட் பைத்தியம் உள்ள அப்பாக்களுக்கு இதையும் காட்டுங்கள். நடந்த களைப்பு தீர உட்கார்ந்து ஒரு இன்னிங்ஸ் பார்க்கலாம்.

பெற்றோருக்கு மூட்டுவலி, இவ்வளவெல்லாம் நடக்க முடியாது என்றால் லௌட்டனை மறந்துவிட்டு சிங்ஃபோர்டுக்குப் போங்கள். லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்து அரை மணி நேர ரயில். ஸ்டேஷனிலிருந்து கொஞ்ச தூரத்தில் எட்டாம் ஹென்றிக்காக 1543-இல் கட்டிய மரச்சட்ட வேட்டை மாளிகை, எலிசபெத் ராணியின் வேட்டை மாளிகை என்பார்கள். மாடியிலிருந்து மான் வேட்டையை வேடிக்கை பார்க்கக் கட்டியது, அந்தக் காலத்தில் மேல்தளங்கள் சுவரில்லாமல் திறந்தே இருந்தன. பக்கத்திலேயே தகவல் மையமும் கழிப்பறையும் உண்டு. கொஞ்சம் தள்ளி கானாட் வாட்டர் என்ற ஏரி. சுற்றிலும் சமதளமாகப் பாதை போட்டு நடுநடுவே பெஞ்சு வைத்திருக்கிறார்கள், சக்கர நாற்காலியும் போகும். மாண்டரின் வாத்துகள் நீந்தும், ஆண் வாத்தின் நிறத்தைப் பார்த்தால் யாரோ பெயிண்ட் அடித்துவிட்ட மாதிரிதான் தெரியும். புளிசாதம் கட்டிக்கொண்டு போய் இங்கேயே சாப்பிடுங்கள்.

நீளக் கொம்பு மாடுகளையும் பார்க்க வாய்ப்புண்டு. கொம்பு மேலே போகாமல் கன்னத்தை ஒட்டிக் கீழே வளையும். கழுத்தில் ஒரு பெட்டி தொங்கும். கண்ணுக்குத் தெரியாத வேலி அது. எல்லையை நெருங்கினால் பெட்டி ஒலி எழுப்பும், மாடு திரும்பிவிடும், மீறிப் போனால்தான் லேசான ஷாக். பக்கத்தில் போய்த் தடவாதீர்கள்.

காளான் பறிக்கக் கூடாது, ஒன்றுகூட. அடுப்பு மூட்டவும் கூடாது. கோடையில் நீளக் கால்சட்டை போடுங்கள், உண்ணி ஏறும். நவம்பரிலிருந்து மார்ச் வரை களிமண் சேறு காலை இழுக்கும், அந்தச் சமயத்தில் அம்மாவை ஸ்லிப்பரில் கூட்டிப் போனால் வீடு வரைக்கும் திட்டு வாங்குவீர்கள். என்னைக் கேட்டால் அக்டோபர் கடைசி வாரம், பீச் இலைகள் செம்பு நிறமாகும்போது போங்கள். வசந்தத்தில் வந்திருக்கிறார்கள் என்றால், காட்டின் தெற்கு முனையில் வான்ஸ்டெட் பார்க்கில் ஷாலே வுட் என்ற தோப்பில் ஏப்ரல் பிற்பாதியிலிருந்து மே தொடக்கம்வரை புளூபெல் பூக்கள் தரையை மூடியிருக்கும். ஈஸ்ட் ஹாம், இல்ஃபோர்டு ஆட்களுக்கு அது பஸ் தூரம்தான், காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினாலும் மதியச் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிடலாம்.