சோறு போடுமா என்று கேட்ட அம்மாவுக்கு

அம்மா, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மேற்படிப்பு வழிகாட்டிக் கூட்டம் முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகும் நீங்கள் நின்றிருந்தீர்கள். "செம்பனைத் தோட்டத்துப் பிள்ளை, ஈப்போவுக்கு பஸ் ஏறிப் போய் நீச்சல் பழகினாள். இப்போது அதைச் சொல்லிக்கொடுக்கவே பல்கலைக்கழகம் போகிறாளாம். சோறு போடுமா ஐயா?" என்று கேட்டீர்கள். அன்று அவசரத்தில் அரைகுறையாகப் பதில் சொன்னது மனத்தை உறுத்துகிறது.

அந்த விளையாட்டுப் பயிற்றுவிப்புப் படிப்பில் என்ன இருக்கிறது என்று முதலில் சொல்கிறேன். இரண்டு பெண்கள் குளத்தின் நடுவே 20 மீட்டரை 16 விநாடியில் நீந்துகிறார்கள். ஸ்டாப்வாட்சுக்கு இருவரும் ஒன்றுதான். கைவீச்சை எண்ணினால் ஒருத்திக்கு 20, மற்றவளுக்கு 16. அதாவது ஒரு வீச்சுக்கு முன்னவள் 1 மீட்டரும் பின்னவள் 1.25 மீட்டரும் நகர்கிறாள். முன்னவளைப் பார்த்து "வேகமாக வீசு" என்று கத்தினால் சீக்கிரம் களைத்துவிடுவாள். அவள் கை தண்ணீரைச் சரியாகப் பிடிக்கிறதா, இடுப்பு தாழ்ந்து நீரின் எதிர்ப்பு கூடுகிறதா என்று பார்க்கத் தெரிந்தவரே பயிற்றுநர். அமெரிக்காவில் ஜேம்ஸ் கவுன்சில்மன் நீச்சல் வீரர்களை நீருக்கடியில் படம்பிடித்து ஆராய்ந்தார். அவரிடம் பழகிய மார்க் ஸ்பிட்ஸ் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 7 தங்கம் வென்றார்.

நம் பிள்ளைகள் தமிழாசிரியர் படிப்புக்குப் போகும் தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்திலேயே விளையாட்டு அறிவியலுக்கும் பயிற்றுவிப்புக்கும் தனிப் புலம் இருக்கிறது. மலாயா பல்கலைக்கழகத்திலும் விளையாட்டு அறிவியல் படிக்கலாம். ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். முடித்து படிவம் ஆறு, மெட்ரிகுலேஷன், டிப்ளோமா என எந்த வழியாகவும் போகலாம். கணிதத்தையும் அறிவியலையும் மட்டும் அவள் கைவிடக் கூடாது.

பட்டம் மட்டும் போதாது, அம்மா. தேசியப் பயிற்றுநர் சான்றிதழில் மூன்று நிலைகள் உண்டு. முதல் நிலையையும் உயிர்காப்பாளர் சான்றிதழையும் படிக்கும்போதே எடுத்துவிட வேண்டும். வேலை தோட்டத்தைத் தேடி வராது. ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோதான் போக வேண்டியிருக்கும். நீச்சல் வகுப்புகளில் தொடக்கத்தில் மணிக்கணக்குச் சம்பளமே கிடைக்கலாம். இதை மறைத்து உங்களுக்கு ஆசை காட்ட எனக்கு மனமில்லை. ஆனால் உடல் இயங்கும் விதத்தைப் படித்தவளுக்குக் குளம் ஒன்றே கதி என்றில்லை. பள்ளி, உடற்பயிற்சி நிலையம், விளையாட்டு மன்றம் என்று வேறு வாசல்களும் இருக்கின்றன.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவள் நீந்தாமல் குளக்கரையில் உட்காரட்டும். மற்றவர்களின் வீச்சையும் விநாடியையும் எண்ணி ஒரு நோட்டில் எழுதட்டும். பிறகு எஸ்.பி.எம். முடிவோடு அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு இருவரும் என்னிடம் வாருங்கள்.