மடிப்பு வெடித்தால் மிஷின் வாங்காதீர்கள், ஷீட்டைத் திருப்பிப் பாருங்கள்

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீட்டிலிருந்தபடியே கையால் வாழ்த்து அட்டைகள் செய்கிறவர். உறவுக்காரப் பெண்ணின் வளைகாப்புக்கு 50 அழைப்பிதழ் செய்து தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். ஏ4 அளவில் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) மெட்டாலிக் ஷீட் வாங்கி நடுவில் மடித்தால், மடிப்பு நெடுக வெள்ளை வெள்ளையாக வெடிக்கிறதாம். மேலே ஒட்டிய படத்தாள் மறுநாள் காலையில் அட்டையையும் இழுத்துக்கொண்டு அப்பளம் மாதிரி வளைந்து நிற்கிறதாம். "இம்போர்டட் ஷீட் வாங்கிக்கம்மா, இது லோக்கலு" என்கிறார் கடைக்காரர். தெரிந்த பயிற்சியாளர் ஒருவரோ 18,500 ரூபாய்க்கு டை கட்டிங் மிஷின் வாங்கச் சொல்கிறார். வாங்கிவிட்டால் மாதாமாதம் ஆர்டரும் அவரே தருவாராம். "மிஷின் வாங்கினால் இந்தப் பிரச்சினை தீருமா ஐயா?" என்பது கேள்வி.

தீராது அம்மா. அந்த மிஷின் பூ, இலை, வட்டம் என்று உருவங்களை வெட்டித் தரும். உங்கள் அட்டை வெடிப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இம்போர்டட் ஷீட் வாங்கி இதே மாதிரி மடித்தால் அதுவும் வெடிக்கும். நீங்கள் கிரெய்னுக்குக் குறுக்கே மடிக்கிறீர்கள். கோளாறு அங்கேதான் இருக்கிறது.

கிரெய்ன் என்பது தாளுக்குள் நார் ஓடும் திசை. மில்லில் கூழைத் தண்ணீராகக் கரைத்து, ஓடிக்கொண்டே இருக்கும் வலையின் மேல் ஊற்றுகிறார்கள். வாய்க்காலில் விழுந்த வைக்கோல் நீரோட்டத்தோடு நீளவாக்கில் திரும்பிக்கொள்ளும் அல்லவா, அதுபோல நார்கள் பெரும்பாலும் மிஷின் ஓடும் திசையிலேயே படுத்துவிடும். வாழை மட்டையை நீளவாக்கில் கிழித்தால் சரசரவென்று வரும், குறுக்கே கிழித்தால் பிய்ந்து பிய்ந்து வரும். தாளும் அப்படித்தான். நாரோடு சேர்த்து மடித்தால் மடிப்பு வழுக்கிக்கொண்டு உட்காரும். குறுக்கே மடித்தால் ஒவ்வொரு நாரையும் முறித்துத்தான் மடிக்க முடியும். மேலே மெட்டாலிக் பூச்சும் இருந்தால் அது முதலில் உடைந்து உள்ளே இருக்கும் வெள்ளை தெரியும்.

உங்களிடம் மிச்சமிருக்கும் ஒரு ஷீட்டை எடுத்து மேசைமேல் வையுங்கள். நீளவாக்கில் உருட்டுவதுபோல இரண்டு ஓரத்தையும் ஒன்றாகக் கொண்டுவந்து, மடிக்காமல், உள்ளங்கையால் மெதுவாக அழுத்துங்கள். எவ்வளவு எதிர்க்கிறது என்று கைக்குத் தெரியும். இப்போது ஷீட்டைத் திருப்பி, மற்ற இரண்டு ஓரத்தையும் அதேபோல. ஒரு பக்கம் சொன்னபடி வளையும், மறுபக்கம் ஸ்பிரிங் மாதிரி எகிறும். எந்தப் பக்கம் சுலபமாக வளைகிறதோ, அந்த வளைவின் முதுகுக்கோடு எந்தத் திசையில் போகிறதோ அதுதான் கிரெய்ன். உங்கள் மடிப்பு அந்தக் கோட்டோடுதான் போக வேண்டும். முப்பது வருஷமாகப் பாரிமுனைப் பக்கம் பைண்டிங்கும் கார்டு வேலையும் செய்கிறேன். இன்றைக்கும் புதுக் கட்டு வந்தால் முதல் ஷீட்டை இப்படி அழுத்திப் பார்க்காமல் கத்தரியைத் தொடுவதில்லை.

ஏ4 பாக்கெட்டில் ஒரு பொறி இருக்கிறது. கடையில் கிடைக்கும் ஏ4 பெரும்பாலும் லாங் கிரெய்ன், அதாவது நார் 297 மில்லிமீட்டர் பக்கமாக ஓடும். அதை நடுவில் மடித்து ஏ5 அட்டை ஆக்கினால் மடிப்பு 210 மில்லிமீட்டர் பக்கமாக விழும், நாருக்கு நேர் குறுக்கே. நீங்கள் செய்தது இதுதான். அதே ஏ4ஐ முதலில் இரண்டு ஏ5 துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஏ6ஆக மடித்துப் பாருங்கள். மடிப்பு நாரோடு போகும். ஷீட் அதேதான், வெடிப்பு மட்டும் இருக்காது. சின்ன அட்டை போதுமென்றால் உங்கள் பிரச்சினை இங்கேயே முடிந்தது.

வளைகாப்புக்குப் பெரிய அட்டைதான் வேண்டுமென்றால் பாக்கெட் வாங்காதீர்கள். மெட்ரோவில் உயர் நீதிமன்றம் நிலையத்தில் இறங்கி, தாள் கடைகள் நிறைந்த ஆண்டர்சன் தெருவுக்கு நடந்துவிடுங்கள். முழு ஷீட்டாக 23க்கு 36 அங்குலம் கேளுங்கள். அதையும் அழுத்திப் பாருங்கள். நார் 36 அங்குலப் பக்கமாக ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டிங் போடுபவரிடம் சும்மா "ஏ4 போட்டுக் கொடுங்க" என்றால், ஷீட்டுக்கு 6 துண்டு வரும்படி வெட்டிக் கொடுப்பார். ஆறுமே உங்களுக்குத் தப்பான கிரெய்ன். சரியான கிரெய்னில் ஏ4 வேண்டுமென்றால் 4 துண்டுதான் வரும், அவர் முணுமுணுப்பார். ஏ4 என்ற பிடிவாதத்தை விடுங்கள். விரித்த அளவு 11.5 அங்குலம், உயரம் 8.25 அங்குலம் என்று சொல்லுங்கள். ஏ4ஐவிட நீளத்தில் 5 மில்லிமீட்டர்தான் குறைவு. 23ல் இரண்டு, 36ல் நான்கு, ஆக ஷீட்டுக்கு 8 துண்டு, எட்டும் சரியான கிரெய்ன். 7 ஷீட் வாங்கினால் 56 துண்டு. 50 போக 6 துண்டு கை தவறுவதற்கு. மடித்தால் 5.75க்கு 8.25, ஏ5 அட்டைக்கான கவரில் தாராளமாகப் போகும். "மடிப்பு 8.25 பக்கம் வரும், கிரெய்னும் அந்தப் பக்கமே ஓடணும்" என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதியே கொடுங்கள். வாயால் சொன்னால் கூட்டத்தில் மறந்துவிடுவார்கள்.

இந்த இடத்தில் எனக்கு ஆற்றாமைதான் வருகிறது. ஏ4 கிராஃப்ட் பாக்கெட்டில் ஜிஎஸ்எம் போடுகிறார்கள், எத்தனை ஷீட் என்று போடுகிறார்கள், பளபளவென்று பூப்படமும் போடுகிறார்கள். நார் எந்தப் பக்கம் என்று ஒரு அம்புக்குறி போட எவ்வளவு மை செலவாகிவிடும்? மூன்று நாள் பயிற்சி என்று கூட்டி உட்காரவைத்து, சான்றிதழ் கொடுத்து, வரிசையில் நிற்கவைத்துப் போட்டோ எடுக்கிறார்கள். அப்படிச் சான்றிதழ் வாங்கிய பெண்கள் என்னிடம் நிறைய பேர் வந்திருக்கிறார்கள். கிரெய்ன் என்ற சொல்லையே கேட்டதில்லை என்பார்கள். அடுப்பு பற்றவைக்கச் சொல்லித்தராமல் பிரியாணி வகுப்பு நடத்துவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

மடிக்கும் முன் கோடு போட வேண்டும். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனா, ஸ்டீல் ஸ்கேல், அடியில் பழைய காலண்டர் அட்டை, இவ்வளவு போதும். அட்டையின் வெளிப்பக்கத்தில் கோட்டை இரண்டு முறை அழுத்தி இழுங்கள். உள்பக்கம் சின்ன மேடு எழும்பும். அந்த மேடு மடிப்புக்குள்ளே போகும்படி மடியுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

மெட்டாலிக் ஷீட்டின் மூலையைக் கொஞ்சம் கிழித்துப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் நிறம் மேல்பூச்சு மட்டும்தான். அந்த ஷீட்டை மடிப்பே இல்லாமல் பயன்படுத்துவது நல்லது. அடி அட்டை 250 ஜிஎஸ்எம் ஐவரி போர்டாக இருக்கட்டும். மெல்லிய மெட்டாலிக் தாளை முகப்பில் மட்டும், மடிப்புக்கு 3 மில்லிமீட்டர் முன்பே நிறுத்தி ஒட்டுங்கள்.

ஜிஎஸ்எம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். "300, இம்போர்டட்" என்று விற்பதை நம்பாதீர்கள், எடை போடுங்கள். ஏ4 ஷீட் 16 சேர்ந்தால் கிட்டத்தட்ட ஒரு சதுர மீட்டர். ஆகவே 16 ஷீட்டைச் சமையலறைத் தராசில் வைத்தால் எத்தனை கிராம் காட்டுகிறதோ அதுதான் ஜிஎஸ்எம். நான் ஒரு கடையில் 300 என்று வாங்கிய கட்டு தராசில் 240கூடத் தொடவில்லை. திருப்பிக் கொண்டுபோனால், "எல்லாரும் இதத்தானே வாங்கினு போறாங்க" என்று பதில்.

வளைவதற்கும் காரணம் அதே நார்தான். ஃபெவிகாலில் தண்ணீர் இருக்கிறது. தாள் தண்ணீர் குடித்தால் நாருக்குக் குறுக்கே விரியும், காயும்போது அதே திசையில் சுருங்கும். அடி அட்டையின் நார் ஒரு பக்கம், படத்தாளின் நார் வேறு பக்கம் என்றால் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். இரண்டையும் ஒரே திசையில் வைத்து ஒட்டுங்கள். பசையைக் குறையுங்கள், முடிந்தால் டபுள் சைடு டேப்புக்கு மாறுங்கள். ஒட்டியதை ஃபேனுக்கு அடியில் காயவைக்காமல், இரண்டு பக்கமும் பட்டர் பேப்பர் போட்டு, கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு வையுங்கள். நம் பக்கம் கடல்காற்று, ஐப்பசி கார்த்திகையில் சுவரே வியர்க்கும். வாங்கிய ஷீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் படுக்கவைத்து வையுங்கள், பீரோவுக்குப் பின்னால் சாய்த்து வைக்க வேண்டாம்.

இந்தக் கிரெய்ன் விதிக்கு ஒரு விலக்கு உண்டு: கையால் செய்த காகிதம். அதில் கூழ்த் தொட்டிக்குள் சல்லடைச் சட்டத்தை முக்கி எடுத்து, முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் அசைப்பார்கள். நார் எல்லாத் திசையிலும் பின்னிக்கொள்ளும். அதனால் எந்தப் பக்கம் மடித்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். பனியன் துணி வெட்டியதில் விழும் பருத்தித் துண்டுகளில்கூட இதைச் செய்கிறார்கள், அந்த நார் நீளமானது, சட்டென்று முறியாது. புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்கூடம் இருக்கிறது. ஜெய்ப்பூருக்குப் பக்கத்தில் சாங்கானேர் இதற்கே பேர்போன ஊர். அங்கே உள்ள தேசியக் கைக்காகித நிறுவனம் நம் தஞ்சாவூரில் பிறந்த காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பாவின் பெயரில்தான் இயங்குகிறது. ஆனால் இந்த விலக்கையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. கடையில் "ஹேண்ட்மேட்" என்று சொரசொரப்பாகக் கொடுப்பதில் உருளை மிஷினில் ஓட்டியதும் கலந்திருக்கிறது, அதற்குக் கிரெய்ன் உண்டு. ஒரு சின்னச் சதுரத் துண்டு வெட்டி ஒரு பக்கம் மட்டும் ஈரத்துணியால் தடவுங்கள். ஒரே திசையில் குழல்போலச் சுருண்டால் மிஷின் தாள், அந்தக் குழல் நீளும் திசைதான் நார். அங்கங்கே சும்மா நெளிந்தால் கைக்காகிதம். நாலு ஓரமும் வெட்டாமல் பிசிறு பிசிறாக இருந்தால் நம்பலாம். ஓரத்தை வெட்டி விற்றால் ஈரத்துணிச் சோதனை ஒன்றுதான் வழி.

இனி அந்த 18,500 ரூபாய். மிஷினோடு ஆர்டரும் தருகிறேன் என்று சொல்பவருக்கு உண்மையான வியாபாரம் மிஷின் விற்பது மட்டும்தான். வியாசர்பாடியிலிருந்து என்னிடம் வேலை கற்க வந்த ஒரு பெண் அதற்கு முன்பே இப்படி மாட்டியிருந்தாள். தோட்டை அடகு வைத்து முன்பணம் கட்டினாள். "மெட்டீரியல் நாங்க தர்றோம், செஞ்சு குடுங்க, திரும்ப வாங்கிக்கிறோம்" என்று ஒப்பந்தம். ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து 300 அட்டை செய்து கொண்டுபோனாள். 260ஐ மடிப்பு சரியில்லை என்று தள்ளிவிட்டார்கள், முன்பணத்தையும் அதில் கழித்துக்கொண்டார்கள். அவள் கொண்டுவந்து காட்டிய ஷீட்டை அழுத்திப் பார்த்தேன். அத்தனையும் குறுக்குக் கிரெய்னில் வெட்டியது. யார் மடித்தாலும் வெடிக்கும். புகார் கொடுக்கப் போன இடத்தில் "இது சிவில் மேட்டர், நீயேதானம்மா கையெழுத்துப் போட்டிருக்கே" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தோடு மூழ்கிப்போயிற்று. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

வேலை கொடுப்பவர் நமக்குப் பணம் தர வேண்டும். நாம் பணம் கட்டி வேலை வாங்கக் கூடாது. டெபாசிட், ரிஜிஸ்ட்ரேஷன், கிட் விலை என்று எந்தப் பெயரில் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். "உத்யம் சான்றிதழ் எடுத்துத் தர்றேன், 2,000 ஆகும்" என்றும் ஒருவர் வருவார். உத்யம் என்பது சிறு தொழிலுக்கான அரசுப் பதிவு. அரசு இணையதளத்தில் அது இலவசம், ஆதாரும் பான் கார்டும் இருந்தால் வீட்டுப் பிள்ளைகளே செய்துவிடுவார்கள். ஏற்கெனவே ஜிபேயில் முன்பணம் ஏதாவது அனுப்பியிருந்தால் இன்றைக்கே இணையப் பண மோசடிப் புகார் எண் 1930க்குப் போன் செய்யுங்கள், தள்ளிப்போடாதீர்கள். கடையில் ஏமாந்தது என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

வெடித்துப்போன அட்டைகளைத் தூக்கிப் போடாதீர்கள். மடிப்பிலேயே வெட்டினால் ஒவ்வொன்றிலும் இரண்டு பலகை கிடைக்கும். இரண்டுக்கும் நடுவே 2 மில்லிமீட்டர் இடைவெளி விட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டுப்புடவை ஓரத்துணியோ காட்டன் துணியோ வெட்டி, முதுகில் ஒட்டுங்கள். நோட்டுப் புத்தகத்துக்கு முதுகு கட்டுவது மாதிரிதான். அட்டை அந்தத் துணியில் திரும்பும், தாள் மடியவே மடியாது. வளைகாப்புக்கு மஞ்சளும் பச்சையுமாகத் துணி எடுத்தீர்களென்றால், அதற்காகவே அப்படிச் செய்தது போலிருக்கும்.