மறுபடியும் பிறந்தவர்தான் இரட்சிக்கப்பட்டவரா? கேள்வி பதில்

மறுபிறப்பு (மறுஜென்மமல்ல, தேவனால் உள்ளம் புதிதாகப் பிறப்பது), இரட்சிப்பு பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்துவிட்டேன். எந்தச் சபையையும் வம்புக்கு இழுக்கும் எண்ணமில்லை. ஆனால் என் கருத்தை மறைக்கப்போவதும் இல்லை.

கேள்வி: ஐயா, இரண்டும் ஒன்றுதானே? எங்கள் பாஸ்டர் மாற்றி மாற்றிச் சொல்கிறார்.

பதில்: பேச்சுவாக்கில் அப்படிச் சொல்வதில் பெரிய தப்பில்லை. ஆனால் இரண்டின் அளவும் வேறு. பவுல் இரட்சிப்பை மூன்று காலத்திலும் பேசுகிறார். எபேசியர் 2:8-ல் அது முடிந்துவிட்டது, 1 கொரிந்தியர் 1:18-ல் நடந்துகொண்டிருக்கிறது, ரோமர் 5:9-ல் இனிமேல் வரப்போகிறது. மறுபிறப்பு அப்படி நீள்வதில்லை. அது தொடக்கம். அதோடு நீதிமானாக்கப்படுதல் (தேவன் நம்மைக் குற்றமற்றவரென்று ஏற்பது), பரிசுத்தமாகுதல், கடைசியில் மகிமைப்படுதல் எல்லாம் சேர்ந்ததுதான் இரட்சிப்பு. அந்தத் தொடக்கம் எப்போது, எதனால் நடக்கிறது என்பதில்தான் சண்டையில் முக்கால்வாசி.

கேள்வி: விசுவாசிப்பதால் மறுபடியும் பிறக்கிறோமா, மறுபடியும் பிறந்ததால் விசுவாசிக்கிறோமா?

பதில்: இதற்காகவே நெதர்லாந்தில் ஒரு மாநாடு கூடியது. அந்நாட்டு வேத அறிஞர் ஆர்மீனியஸ் 1609-ல் இறந்துபோனார். மறு வருஷம் அவர் வழி வந்தவர்கள் ஐந்து கட்டுரைகள் கொண்ட ஒரு மனுவைக் கொடுத்தார்கள். அதற்குப் பதில் சொல்லத்தான் 1618 நவம்பரிலிருந்து 1619 மே வரை டோர்ட் நகரில் சீர்திருத்த சபையார் உட்கார்ந்தார்கள். அவர்கள் வாதம் இது: பாவத்தில் மரித்தவன் (எபேசியர் 2:1) எப்படி விசுவாசிப்பான்? தேவன் முதலில் உயிர்ப்பிக்கிறார், அதன் பலனாக அவன் விசுவாசிக்கிறான். மற்றவர்களோ, விசுவாசித்து ஏற்றுக்கொண்டவர்களுக்கே புதுப்பிறப்பு என்றார்கள். ஏற்றுக்கொண்டவர்கள் தேவனுடைய பிள்ளைகளாகிறார்கள் என்கிற யோவான் 1:12-ஐ ஒரு தரப்பு பிடித்துக்கொள்ளும், அவர்கள் மனுஷ சித்தத்தினால் அல்ல, தேவனாலே பிறந்தவர்கள் என்கிற 13-ஐ மறு தரப்பு பிடித்துக்கொள்ளும். அடுத்தடுத்த வசனங்கள்!

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். “மனுஷன் தன் சொந்த முயற்சியாலே விசுவாசிக்கலாம் என்று ஆர்மீனியஸ் வழி வந்தவர்கள் போதித்தார்கள்” என்று இங்கே பிரசங்கம் கேட்டிருக்கிறேன். அது அநியாயம். அந்த 1610 மனுவின் மூன்றாம் கட்டுரையே, மனிதனுக்குத் தன்னில்தானே அந்தச் சக்தி கிடையாது, தேவனால் மறுபடியும் பிறக்க வேண்டும் என்கிறது. நாலாவது கட்டுரையில்தான் நிஜமான தகராறு: அந்தக் கிருபையை மனிதன் எதிர்த்து நிற்க முடியுமா? முடியும் என்றார்கள் மனு கொடுத்தவர்கள். டோர்ட் மறுத்தது. கிருபை முந்தியது என்பதில் இரு தரப்பும் ஒன்றுதான். எது முதல் என்று கடிகாரத்தைப் பார்த்து யாரும் பிரிக்க முடியாது என்பது என் எண்ணம்.

கேள்வி: நான் பாளையங்கோட்டை. சி.எஸ்.ஐ.யில் குழந்தையிலேயே ஞானஸ்நானம் எடுத்தவள். பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிற என் நாத்தனார், நீங்கள் மறுபடியும் பிறக்கவே இல்லை என்கிறார்கள்.

பதில்: சகோதரி, இந்தக் கேள்வி உங்கள் நாத்தனாருக்கு முன்னாலேயே இங்கிலாந்துச் சபையை இரண்டாக்கியது. அந்த ஆங்கிலிக்கன் சபை உங்கள் சி.எஸ்.ஐ.யின் தாய்ச் சபைகளில் ஒன்று. அதன் ஜெப புத்தகம், ஞானஸ்நானம் கொடுத்த கையோடு “இந்தக் குழந்தை மறுபடியும் ஜெநிப்பிக்கப்பட்டது” என்ற பொருளில் அறிக்கையிடுகிறது. கோர்ஹாம் என்ற குருவானவர், தகுதியாகப் பெற்றுக்கொண்டால்தான் அது பலிக்கும், சடங்கு தானாகவே மறுபிறப்பைத் தராது என்றார். 1847-ல் டெவன் பகுதியில் அவருக்கு ஒரு சேகரம் ஒதுக்கப்பட்டது. எக்ஸிட்டர் பிஷப் ஃபில்பாட்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட கேள்விகளால் அவரைத் துளைத்தெடுத்துவிட்டு, நியமிக்க மறுத்துவிட்டார். சபை நீதிமன்றத்தில் பிஷப்புக்கு வெற்றி. வழக்கு அரசாங்கத்தின் மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் வரை போய், 1850-ல் கோர்ஹாம் பக்கம் தீர்ப்பானது. சபையின் உபதேசத்தை அரசாங்க நீதிமன்றம் தீர்மானிப்பதா என்று கொதித்துப்போய் மறு வருஷம் கத்தோலிக்கத்துக்குப் போனவர்களில் மானிங் என்ற ஆங்கிலிக்கன் குருவானவர் ஒருவர். அவர் பின்னால் கர்தினாலே ஆனார்.

உங்கள் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. இங்கே சி.எம்.எஸ்., எஸ்.பி.ஜி. என்ற இரண்டு ஆங்கிலிக்கன் மிஷன் சங்கங்கள் ஊழியம் செய்தன. கோர்ஹாமைப் போன்ற சுவிசேஷகப் போக்கு சி.எம்.எஸ். மிஷனரிகளுடையது. எஸ்.பி.ஜி.யிலோ சடங்குக்கு அதிக மதிப்புக் கொடுத்தவர்கள் இருந்தார்கள். மெஞ்ஞானபுரம் முந்தியவர்களுடையது, நாசரேத்தும் இடையன்குடியும் பிந்தியவர்களுடையது. ஆக, திருநெல்வேலிச் சபை இரண்டு பாலையும் குடித்து வளர்ந்தது. அதனால்தான் “குழந்தையிலேயே எல்லாம் முடிந்தது” என்கிறவரும், “மனந்திரும்பினால்தான்” என்கிறவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

என் பதில்: தண்ணீர் மட்டும் யாரையும் மாற்றுவதில்லை. அப்போஸ்தலர் 8-ல் மந்திரவாதி சீமோன் ஞானஸ்நானம் பெற்றும் அவன் இருதயம் செம்மையாக இல்லை. அது எந்த வயதில் எடுத்த ஞானஸ்நானத்துக்கும் பொருந்தும், உங்கள் நாத்தனார் எடுத்த முழுக்குக்கும் சேர்த்து. உங்களுக்குக் கிறிஸ்துவிடம் விசுவாசம் இருக்கிறதா என்று கேளுங்கள். தேதியைக் கேட்காதீர்கள்.

கேள்வி: தேதி என்றதும் கேட்கிறேன். நான் உபதேசியார் வீட்டில் பிறந்தவன். இரட்சிக்கப்பட்ட நாளைச் சாட்சியில் சொல்லச் சொல்கிறார்கள், எனக்கு அப்படி ஒரு நாளே இல்லையே?

பதில்: தம்பி, இந்தத் தேதிப் பழக்கத்துக்கு மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியைத்தான் காட்டுவார்கள். 1738 மே 24, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு கூட்டத்தில் தன் இருதயம் அனல்கொண்டதாக அவர் எழுதினார். அதற்கு முன்பே அவர் குருப்பட்டம் பெற்று, ஜார்ஜியாவுக்கு மிஷனரியாகவும் போய் வந்தவர். அந்த வருஷத் தொடக்கத்தில், மற்றவர்களை மனந்திருப்பப் போன நானே மனந்திரும்பியிருக்கவில்லை என்று நாட்குறிப்பில் எழுதினார். பிற்காலத்தில் அதே இடத்தில், “இது எனக்கு நிச்சயமில்லை” என்று குறிப்புச் சேர்த்தார். அவருக்கே அவ்வளவுதான். இல்லாத நாளைச் சாட்சிக்காக உண்டாக்காதீர்கள்.

கேள்வி: “ஜலத்தினாலும் ஆவியினாலும் பிறவாவிட்டால்” என்று யோவான் 3:5-ல் வரும் ‘ஜலம்’ ஞானஸ்நானமா?

பதில்: ஆதிச் சபைப் பிதாக்கள் பெரும்பாலும் அப்படித்தான் வாசித்தார்கள். கத்தோலிக்கரும் லூத்தரன்களும் இன்றும் அப்படியே. சிலர் தாய் வயிற்றுப் பிறப்பு என்பார்கள், அது எனக்கு ஒட்டவில்லை. “நீ இஸ்ரவேலில் போதகனாயிருந்தும் இவைகளை அறியாமலிருக்கிறாயா?” என்று இயேசு நிக்கொதேமுவைக் கேட்கிறார். அப்படியானால் அவர் ஏற்கெனவே படித்திருந்த ஒன்று வேண்டும். எசேக்கியேல் 36-ல் சுத்தமான ஜலமும் புது ஆவியும் சேர்ந்தே வருகின்றன. நான் அங்கேதான் போவேன்.

கேள்வி: அந்நியபாஷை பேசாதவர் மறுபடியும் பிறக்கவில்லையா?

பதில்: பெரும்பாலான பெந்தெகொஸ்தே சபைகளே அப்படிப் போதிப்பதில்லை. அவர்களுக்கு ஆவியின் அபிஷேகம் மறுபிறப்புக்குப் பின் வரும் வேறொரு அனுபவம். திரித்துவத்தை ஏற்காத ‘இயேசு மட்டும்’ பிரிவினரில் பலர்தான் இரண்டையும் சேர்த்துக் கட்டுகிறார்கள்.

கேள்வி: மறுபடியும் பிறந்தவர் விழுந்துபோனால் இரட்சிப்பு போய்விடுமா?

பதில்: டோர்ட்டைக் கேட்டால், முடிவாகப் போகாது. வெஸ்லியும் லூத்தரன்களும் கத்தோலிக்கரும், போகக்கூடும் என்பார்கள். ஒருதரம் ருசிபார்த்து மறுதலித்துப்போனவர்களை மறுபடியும் மனந்திரும்பச் செய்வது கூடாத காரியம் என்கிற எபிரெயர் 6:4-6-ஐ எச்சரிக்கையாகவே வாசிக்கிறேன். அடுத்தவர் விழுந்ததும் “அவன் முதலிலேயே பிறக்கவில்லை” என்று தீர்ப்பெழுத அந்த வசனத்தை எடுக்காதீர்கள்.

கேள்வி: சிலுவையில் தொங்கிய கள்வன்?

பதில்: ஞானஸ்நானம் இல்லை, சாட்சித் தேதி மட்டும் இருந்தது. அதே நாளில் பரதீசு.