பழைய அம்பாசிடரின் பாடியை மீட்க எங்கே தொடங்குவது?

அப்பா ஓட்டிய 1972 மாடல் அம்பாசிடர் பல வருஷமாக ஷெட்டில் நிற்கிறது, அடியெல்லாம் துரு, பெயிண்ட் அடித்தால் தேறுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தேறும். ஆனால் பெயிண்ட் கடைசி வேலை. லாரிக்கும் ஜீப்புக்கும் இருப்பதுபோல இதற்குத் தனிச் சேசிஸ், அதாவது எடை தாங்கும் அடிச்சட்டம், கிடையாது. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் சீரிஸ் என்ற பிரிட்டிஷ் காரின் வழியில் வந்த வண்டி இது. பாடிதான் மொத்த எடையையும் தாங்குகிறது. அதிலும் கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி போன்ற பகுதி மிக முக்கியம். சேறும் தண்ணீரும் அதற்குள் தங்கி, உள்ளிருந்து அரிக்கும். வெளியே பளபளப்பாக இருந்தாலும் நம்பாதீர்கள். ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி அங்கங்கே ஒட்டிப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகரத்துக்கு மேல் கனமாகப் பட்டி பூசியிருக்கிறார்கள். அப்புறம் தரைத்தகட்டின் மூலைகள், டிக்கி அடித்தளம், பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் மாட்டும் இடம், கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்குக்கு அடியில். அங்கெல்லாம் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்துவிடுங்கள்.

ஒர்க்‌ஷாப்பில் நீங்கள் பிடிவாதமாக நிற்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. கதவுக்குக் கீழே உள்ள அந்தப் பகுதியை வெட்டும் முன், கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வைத்துத் தற்காலிகமாக வெல்டு செய்யச் சொல்லுங்கள். வண்டியையும் சமமாகத் தாங்கி நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் வெட்டியதுமே பாடி நடுவில் தொய்ந்துவிடும்; அந்தக் கோணலோடு வெல்டு வைத்தால் பிறகு எந்தக் கதவும் ஒழுங்காகச் சாத்தாது. ஒரு பக்கத்தை முழுதாக முடித்த பிறகுதான் மறுபக்கத்தைத் தொட வேண்டும். இறுதி வெல்டுக்கு முன் கதவுகளை மாட்டி இடைவெளியைப் பார்த்தே ஆகவேண்டும். பெட்ரோல் டேங்கையும் பேட்டரியையும் முதலிலேயே கழற்றிவிடுங்கள்.

துருப்பிடித்த தகரத்தின் மேல் புதுத் தகரம் ஒட்டுவது வேலையே இல்லை. நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுக்க வேண்டும். கேஸ் வெல்டிங்கின் சூட்டில் மெல்லிய தகடு நெளியும். கம்பி தானாக வந்து உருகும் மிக் (MIG) வெல்டிங்கில் சின்னச் சின்னப் புள்ளிகளாக, இடம் மாற்றி மாற்றி வைப்பது நல்லது. துருவை நீக்க மணலை வேகமாகப் பீய்ச்சும் மணல் வீச்சு அடிப்பகுதிக்குச் சரி, பானெட்டுக்கும் கூரைக்கும் வேண்டாம். அகலமான தகடு வளைந்துவிடும். அங்கே பெயிண்ட் ரிமூவர் போதும்.

சுத்தம் செய்த இரும்பை ஒரு ராத்திரி சும்மா விட்டாலே, அதுவும் கடலோர ஊர்களில், மறுபடி துரு பூக்கும். அன்றைக்கே எபாக்ஸி பிரைமர் என்ற, ஈரம் புகாத அடிப்பூச்சை அடித்துவிடுங்கள். பட்டி ஈரத்தை இழுக்கும் என்பதால் அது பிரைமருக்கு மேல்தான், அதுவும் மெல்லிசாக. பெயிண்ட் முடிந்ததும் அந்தப் பெட்டிப் பகுதிக்குள் துருத்தடுப்பு மெழுகைப் பீய்ச்சி, தண்ணீர் வடியும் துளைகள் திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

இன்னொன்று. 2021ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 வருஷம் தாண்டிய வண்டியை விண்டேஜ் வண்டியாகப் பதிவு செய்யலாம். உங்கள் வண்டிக்கு அந்த வயது ஆகிவிட்டது. ஆனால் சேசிஸ், பாடி ஷெல், எஞ்சின் ஆகியவற்றை மாற்றியமைத்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. அதனால் பழைய வடிவம் அப்படியே இருக்கட்டும், சேசிஸ் எண் பொறித்த இடத்தில் கிரைண்டர் படவே கூடாது. வெட்டும் முன்னும் பின்னும் ஒவ்வொரு பகுதியையும் போட்டோ எடுத்து வையுங்கள்.