பழைய வீடியோ கேம் வாங்கப் போகிறீர்களா? முதலில் பட்டனை அழுத்திப் பாருங்கள்

கோடை விடுமுறை நெருங்குகிறது. இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தொண்ணூறுகளில் டிவியில் செருகி விளையாடிய வீடியோ கேமைப் பற்றியவை. அன்று கேசட்டுக்காகச் சண்டை போட்ட பிள்ளைகளுக்கு இன்று பள்ளி செல்லும் வயதில் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த ஆசையைச் சந்தை நன்றாகவே மோப்பம் பிடித்திருக்கிறது. ஆகவே இந்த வாரம் முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: 1996-ல் துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்த என் தாய்மாமா ஒரு டிவி கேம் கொண்டுவந்தார். தெருப் பிள்ளைகள் எல்லாம் எங்கள் வீட்டில்தான் கிடப்பார்கள். இப்போது என் மகன் ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். இணையத்தில் ‘பத்தாயிரம் கேம், 4கே தரம், வயர் இல்லாத இரண்டு ரிமோட்’ என்று விரல் நீளக் கருவி ஒன்றை 1,899 ரூபாய்க்கு விற்கிறார்கள். வாங்கலாமா ஐயா?
— வாசகர், தக்கலை

பதில்: அந்த விளம்பரம் சொல்லும் மூன்றில் முதல் இரண்டும் உங்கள் மகனுக்குப் பயன்படாது. மூன்றாவதுதான் உங்கள் ஆசையையே கெடுத்துவிடக் கூடியது.

உங்கள் மாமா கொண்டுவந்தது பெரும்பாலும் ஃபேமிகாமின் நகலாக இருக்கும். ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1983-ல் வெளியிட்ட கருவி அது. ஜப்பானில் அதற்கு முறைப்படி வந்த கேம்களே ஆயிரத்துச் சொச்சம்தான். இந்தப் புதிய கருவிகளில் வேறு பல பழைய கருவிகளின் கேம்களையும் அள்ளிப் போட்டு, ஒரே கேமை ஜப்பானியப் பதிப்பு, அமெரிக்கப் பதிப்பு, ஸ்டேஜ் மாற்றிய பதிப்பு என்று திரும்பத் திரும்பச் சேர்த்துக் கணக்குக் காட்டுகிறார்கள். இவ்வளவு நீளமான பட்டியலைக் கையில் கொடுத்தால் பிள்ளை எதையும் இரண்டு நிமிடத்துக்கு மேல் விளையாடாது. உங்கள் வீட்டில் நான்கைந்து கேசட் இருந்திருக்கும். அதனால்தான் ஒவ்வொரு ஸ்டேஜும் உங்களுக்கு இன்றும் மனப்பாடமாக இருக்கிறது.

‘4கே’ என்பதும் வெறும் பேச்சு. அந்தக் கேம்களின் படம் அகலத்தில் 256 புள்ளி, உயரத்தில் 240 புள்ளி. பெரிய திரையில் அதே புள்ளிகள் பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான். அகலத் திரையில் படத்தை இழுத்து நிரப்பும் கருவி என்றால் சூப்பர் மாரியோ கேமின் நாயகன் மாரியோ குட்டையாக, பருமனாகத் தெரிவார். செட்டிங்கில் 4:3 என்ற அளவு இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது ரிமோட்டுக்கு வருகிறேன். பழைய படக்குழாய் டிவியில் பட்டனை அழுத்தியதும் மாரியோ குதித்தார். புதிய டிவிகள் படத்தை மெருகேற்றிய பிறகே காட்டுகின்றன. மலிவான வயரில்லா ரிமோட்டும், பழைய கருவியைப் போல நடிக்கும் உள் மென்பொருளும் தங்கள் பங்குக்குத் தாமதம் சேர்க்கின்றன. எல்லாம் சேர்ந்து ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு தாமதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்பதற்குச் சிறிதாக இருக்கும். ஆனால் இந்தக் கேம் விநாடிக்கு அறுபது முறை படத்தை மாற்றுகிறது. முழு வேகத்தில் ஓடும் மாரியோ ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரண்டரைப் புள்ளி நகர்கிறார். தாமதமாகும் அந்த ஆறு மாற்றங்களில் 15 புள்ளி போய்விடுகிறார். அவருடைய உடல் அகலமே 16 புள்ளிதான்! பள்ளத்தின் விளிம்பில் உங்கள் மகன் சரியாகத்தான் அழுத்தியிருப்பான். ஆனாலும் மாரியோ விழுந்திருப்பார். பத்து முறை இப்படி நடந்தால் பிள்ளை, “இந்தக் கேம் நன்றாக இல்லை அப்பா” என்று எழுந்து போய்விடுவான். குற்றம் கேமில் இல்லை.

ஆகவே இணையத்தில் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ, போட்டுக் காட்டச் சம்மதிக்கும் கடையில் வாங்குங்கள். டிவியை முதலில் ‘கேம் மோட்’ என்ற அமைப்புக்கு மாற்றச் சொல்லுங்கள். தாமதத்தில் பெரும் பகுதி அதிலேயே குறையும். மாரியோவைப் போட்டு, பட்டனை லேசாகத் தட்டுங்கள். சிறிய துள்ளல் வர வேண்டும். அழுத்திப் பிடியுங்கள், உயரத் தாண்ட வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால், எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம். அடுத்து திசைப் பட்டனில் வலது பக்கத்தை மட்டும் அழுத்துங்கள். மலிவான ரிமோட்டுகளில் வலதை அழுத்தும்போதே கீழும் சேர்ந்து அழுந்தி, ஓடுகிறவரின் ஓட்டம் தடைபடும்.

பெட்டியில் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், தயாரான நாடு, எம்.ஆர்.பி., புகார் எண் ஆகியவை இருக்க வேண்டும். வீடியோ கேம் கருவிகளுக்கு பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு கட்டாயம். ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண்ணை ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் தட்டினால் அது யாருக்குக் கொடுக்கப்பட்ட எண் என்று தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இத்தகைய கருவிகளில் உள்ள கேம்களுக்கு உரிமையாளர்களிடம் அனுமதி வாங்கியிருக்க மாட்டார்கள். நேரான வழி இருக்கும்போது ஏன் இந்த வழியில் போக வேண்டும்? வீட்டில் ஓரளவு நல்ல கம்ப்யூட்டர் இருந்தால், வயர் உள்ள தரமான யு.எஸ்.பி. ரிமோட் இரண்டு வாங்குங்கள். கொனாமி நிறுவனமே கான்ட்ரா என்ற தன் பழைய துப்பாக்கிச் சண்டை கேம்களைத் தொகுத்து ‘கான்ட்ரா ஆனிவர்சரி கலெக்‌ஷன்’ என்று 2019-ல் வெளியிட்டது. கம்ப்யூட்டர் கேம்களை விற்கும் ஸ்டீம் என்ற இணையதளத்தில் கிடைக்கிறது. அந்தக் காலத்தில் விளையாடிய அதே கான்ட்ரா அதில் இருக்கிறது. என் வீட்டுக்கு என்றால் நான் இதைத்தான் செய்வேன்.

கேள்வி: பழைய கேம்களைத் தேடி அலைகிறேன் என்று என் மருமகன் கேலி செய்கிறார். “அதில் ஒன்றும் இல்லை மாமா, உங்கள் இளமைக்காலத்தைத்தான் காசு கொடுத்து வாங்கப் பார்க்கிறீர்கள்” என்கிறார். உண்மையிலேயே அவற்றில் சிறப்பு இருக்கிறதா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்

பதில்: இருக்கிறது ஐயா. உங்கள் மருமகனை உட்கார வைத்து, 1985-ல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸின் முதல் திரையை மட்டும் காட்டுங்கள்.

மாரியோ திரையின் இடப்பக்கம் நிற்கிறார். வலப்பக்கம் வெட்டவெளி. ‘இப்படிப் போ’ என்று எழுத்தோ அம்புக்குறியோ கிடையாது. ஆனால் யாரும் இடது பக்கம் போவதில்லை. நான்கடி போனதும் மேலே கேள்விக்குறி போட்ட கட்டி மினுமினுக்கிறது. எதிரே பழுப்பு நிறத்தில் ஒரு ஜந்து நடந்து வருகிறது. நின்றால் செத்தோம். நஷ்டம் சில விநாடிகள்தான், மறுமுறை குதிப்போம். குதித்தால் சில நேரம் தலை கட்டியில் இடித்துக் காசு வரும். அடுத்த கட்டியிலிருந்து ஒரு காளான் வலப்பக்கமாக ஓடி, குழாயில் மோதித் திரும்பி நம்மை நோக்கியே வருகிறது. எதிரி என்று பயந்து குதித்தாலும் தலைக்கு மேல் செங்கல் வரிசை இருப்பதால் தப்புவது கடினம். காளான் மேலே படுகிறது, மாரியோ வளர்கிறார். அரை நிமிடத்துக்குள் கேமின் முக்கால்வாசி விதிகளைக் கற்றுக்கொண்டுவிட்டோம். ஒரு சொல்கூடப் படிக்கவில்லை. அடிமுறை என்ற தற்காப்புக் கலையின் ஆசான் பேச்சில்லாமல் முதல் சுவட்டை வைத்துக் காட்டுவது போலத்தான் ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெஸுகாவும் இதை அமைத்திருக்கிறார்கள். ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறிய நம் ஊர்ப் பிள்ளைகள் ஒரே மாலையில் இதைப் பிடித்துக்கொண்டது அதனால்தான்.

இவ்வளவும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியிருக்கிறது. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதைப் போலப் பல மடங்கு இடம் பிடிக்கும். மேகமும் புதரும் ஒரே படம்தான், நிறம் மட்டும் வேறு. இடம் இல்லாததால் தேவையற்றது எதையும் வைக்க முடியவில்லை. வைத்த ஒவ்வொன்றுக்கும் வேலை இருந்தது.

கான்ட்ராவின் மூன்றாவது ஸ்டேஜில் வரும் அருவி நினைவிருக்கிறதா? இருவர் சேர்ந்து ஏறும்போது ஒருவர் அவசரப்பட்டு மேலே போனால் திரை அவரோடு நகர்ந்து, கீழே நிற்பவர் செத்துவிடுவார். ஒரு தோட்டா பட்டால் ஒரு லைஃப் போகும், தொடக்கத்தில் மூன்று லைஃப்தான். அண்ணனும் தம்பியும், “இரு, நானும் வருகிறேன்” என்று பேசிப் பேசித்தான் ஏற முடியும். இந்தப் பேச்சை உண்டாக்கியது அந்த ஒரு விதி. மேல் மேல் கீழ் கீழ், இடம் வலம் இடம் வலம், பி, ஏ என்று அழுத்தி முப்பது லைஃப் வாங்குவோமே, அந்தச் சூத்திரத்துக்கும் ஒரு கதை உண்டு. கொனாமியில் வேலை பார்த்த கஸுஹிசா ஹஷிமோட்டோ என்பவர், 1986-ல் ஃபேமிகாமுக்கு வந்த கிரேடியஸ் கேமைச் சோதிக்கும்போது கடினத்தைத் தாங்க முடியாமல் தனக்காக வைத்துக்கொண்டது அது. அதே சூத்திரம்தான் பிறகு கான்ட்ராவில் நம் பிள்ளைகளையும் காப்பாற்றியது!

நுகர்வோர் பக்கத்தில் எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இவை எல்லாவற்றையும் விடப் பெரிதாகத் தெரிவது ஒன்று உண்டு. கேசட்டை ஒரு முறை வாங்கினால் முடிந்தது. நடுவில் விளம்பரம் கிடையாது. ‘பத்து ரூபாய் கட்டினால் இந்த ஸ்டேஜைத் தாண்டலாம்’ என்று பிள்ளையிடம் கை நீட்டாது. தோற்றால் மறுபடி முயல்வதைத் தவிர வேறு வழியில்லை. இன்று கைப்பேசியில் இலவசம் என்று வரும் கேம்களில் பல, பிள்ளை எங்கே பொறுமை இழக்கும் என்று கணக்கிட்டு அந்த இடத்தில் கடை போடுகின்றன. இதை உங்கள் மருமகனிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

அந்தக் காலத்துக் கேம்கள் எல்லாமே நல்லவை என்று நான் சொல்லமாட்டேன். அன்றும் குப்பை ஏராளம். மாரியோ, கான்ட்ரா, டெட்ரிஸ் என்று சில பெயர்களோடு நிறுத்திக்கொண்டால் ஏமாற மாட்டீர்கள்.

கேள்வி: பரணில் பழைய டிவி கேமும் ஆறு கேசட்டுகளும் கிடைத்தன. போட்டால் திரை முழுக்கக் கோடு கோடாக வருகிறது. அந்தக் காலத்தைப் போல ஊதிப் பார்த்தேன், பயனில்லை. சரிசெய்ய முடியுமா? கேமோடு வந்த துப்பாக்கியும் இருக்கிறது.
— வாசகி, குளச்சல்

பதில்: முதலில் ஊதுவதை நிறுத்துங்கள் அம்மா. ஊதியதால் அது வேலை செய்ததில்லை. கழற்றி மறுபடி செருகியதால்தான் செய்தது. வாயின் ஈரம் கேசட்டின் பற்களை அரிக்கும். நீங்கள் இருப்பதோ கடற்கரையில், ஆண்டுக்கு இரண்டு பருவமழை பார்க்கும் மாவட்டத்தில். உப்புக்காற்று போதாதென்று எச்சில் ஈரமும் வேண்டாம்.

கேசட்டின் வாயை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பக்கத்துக்கு முப்பதாக, மொத்தம் 60 பொன்னிறப் பற்கள் தெரியும். அவற்றில் கறுப்போ பச்சையோ படிந்திருந்தால் அதுதான் கோடுகளுக்குக் காரணம். மொபைல் பழுதுபார்க்கும் கடைகளில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் வைத்திருப்பார்கள். பஞ்சுக்குச்சியில் தொட்டு, பற்களின் நீளவாக்கில் துடையுங்கள். பஞ்சு கறுக்காமல் வரும்வரை துடைத்து, நன்றாகக் காயவிட்டுச் செருகுங்கள். உப்புத்தாளால் தேய்க்கவே கூடாது. மேல்பூச்சு போய்விட்டால் மீட்க முடியாது.

அடாப்டர் தொலைந்திருந்தால் கிடைத்ததைச் செருகாதீர்கள். கருவியின் அடியில் எத்தனை வோல்ட், நடுமுனை பிளஸ்ஸா மைனஸா என்று இருக்கும். அசல் ஃபேமிகாமில் நடுமுனை மைனஸ், நகல்களில் மாறும். தலைகீழாகக் கொடுத்தால் உள்ளே கருகிவிடும். புதிய டிவியில் மஞ்சள் ஒயர் படத்துக்கு, வெள்ளை ஒலிக்கு.

துப்பாக்கி மட்டும் புதிய டிவியில் வேலை செய்யாது. அது எதையும் சுடுவதில்லை. அதன் முனையில் இருப்பது வெளிச்சத்தை உணரும் கண். வாத்து சுடும் கேமில் விசையை இழுத்ததும் திரை கணநேரம் இருண்டு, வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளையாகும். அந்த நொடியில் வெள்ளையைக் கண்டால் வாத்து விழும். எல்.இ.டி. டிவியில் அந்த வெள்ளை தாமதமாக வருவதால் கண் ஏமாந்துவிடுகிறது. வீட்டில் பழைய படக்குழாய் டிவி ஓடிக்கொண்டிருந்தால் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய கேம் கருவியில் ஒரு ரிமோட் முதல் நாளே வேலை செய்யவில்லை. ‘திரும்பப் பெறுவதில்லை என்று போட்டிருக்கிறோம்’ என்கிறார் விற்பவர்.
— வாசகர், மார்த்தாண்டம்

பதில்: அப்படிப் போட்டுவிட்டால் பொறுப்பு தீர்ந்துவிடாது. 2020-ம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, பொருள் பழுதாக இருந்தாலோ விளம்பரத்தில் சொன்னபடி இல்லாவிட்டாலோ விற்பவர் திரும்பப் பெற மறுக்க முடியாது. விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பில், பழுதைக் காட்டும் வீடியோ ஆகியவற்றை இன்றே சேமித்து வையுங்கள். விளம்பரம் நாளையே மாறிவிடலாம்.

அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. விற்பவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும்.

கேள்வி: பழைய பிளேஸ்டேஷன் 2 ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா?
— கல்லூரி மாணவர், திங்கள்சந்தை

பதில்: வாங்கலாம், அவசரப்படாமல். 2000-ல் வந்து 2013-ல் தயாரிப்பு நின்ற கருவி. கையில் கிடைப்பது எதுவானாலும் பத்தாண்டு தாண்டியதுதான். அரை மணி நேரமாவது டிஸ்க் போட்டு ஓட்டிப் பாருங்கள். கட்டைவிரல் குச்சிகளைத் தொடாதபோது ஆள் தானாக நகரக் கூடாது. மெமரி கார்டில் சேமித்து, அணைத்து, மறுபடி திறந்து பாருங்கள். “டிஸ்க் வேண்டாம் தம்பி, பென் டிரைவிலேயே எல்லாம் ஓடும்” என்று விற்பவர் பேச்சை மாற்றினால் டிஸ்க்கைப் படிக்கும் லென்ஸ் போயிருக்க வாய்ப்பு அதிகம். விலையை அதற்கேற்பக் குறைத்துக் கேளுங்கள்.