கொதிநீர் ஊற்றியும் கிஸிர் வேகவில்லையா?

கேள்வி: ‘புல்கர்’ என்று எழுதிய பாக்கெட்டை ஆன்லைனில் வாங்கித் துருக்கி கிஸிர் சாலட் செய்தேன். கொதிநீர் ஊற்றி 20 நிமிடம் மூடிவைத்தும் பச்சை வாடை போகவில்லை. இன்னும் தண்ணீர் ஊற்றியதும் மேலே கூழ், உள்ளே நறநற. எங்கே தவறு?

பதில்: தவறு பாக்கெட்டில். நீங்கள் வாங்கியது பெரும்பாலும் சாதாரண கோதுமை ரவை. புல்கர் என்பது கோதுமையை வேகவைத்து, காயவைத்து, அப்புறம் உடைப்பது. நம் புழுங்கலரிசி மாதிரி. முன்பே வெந்ததால்தான் கொதிநீரே போதுமாகிறது. ரவையை வேறு பெயரில் கட்டிப் பல மடங்கு விலைக்கு விற்கிறார்கள், கேட்க ஆளில்லை. ஒரு பிடி அள்ளிப் பாருங்கள்: புல்கர் தேன் நிறத்தில் கண்ணாடி போல் இருக்கும். ரவையின் உடைந்த முனை வெள்ளையாகத் தெரியும், உள்ளங்கையில் மாவு ஒட்டும்.

கிஸிருக்குப் பொடிப் புல்கர்தான் வேண்டும்; துருக்கியில் ‘கொஃப்தெலிக்’ என்பார்கள். ஒரு கப்புக்கு முக்கால் கப் கொதிநீர், 15 நிமிடம் மூடி. பிறகு தக்காளி விழுதும் மிளகாய் விழுதும் ஒவ்வொரு கரண்டி சேர்த்து, ஒவ்வொரு மணியும் சிவக்கும்வரை கையால் பிசையுங்கள். ஆலிவ் எண்ணெய், சீரகத்தூள், எலுமிச்சை, உப்பு. பார்ஸ்லி, புதினா, வெங்காயத்தாள் கடைசியில்தான். முன்பே போட்டால் தண்ணீர் விடும்.

வாங்கிய ரவையைக் கொட்ட வேண்டாம். நிறையத் தண்ணீர் கொதிக்கும்போது போட்டு, மூடாமல், நசுக்கினால் நடுவில் வெள்ளைப் புள்ளி தெரியாத பதம்வரை வேகவிடுங்கள். உடனே வடித்து, குளிர்ந்த நீரில் அலசி, துணியில் பரப்பி நன்றாக ஆறவிடுங்கள். ஈரம் போகாமல் விழுதைச் சேர்த்தால் மறுபடி கூழ்தான். இதற்கு மேலும் கொதிநீர் ஊற்றக் கூடாது. ருசி வரும், புல்கரின் மெல்லும் பதம் வராது.

இன்னொரு பொறி, கிஸிரில் புளிப்புக்காகச் சேர்க்கும் மாதுளைச் சாறு. துருக்கியின் ‘நார் எக்‌ஷிஸி’ மாதுளையைப் பிழிந்து சுண்டக் காய்ச்சியது. ‘நார் எக்‌ஷிலி சோஸ்’ என்பது குளுக்கோஸ் பாகு, சிட்ரிக் அமிலம், நிறம் கலந்தது. இரண்டு பாட்டிலும் ஒரே ஜாடை. முன்னால் பெரிய மாதுளைப் படம், உண்மை பின்னால் எறும்பு எழுத்தில். இப்படி ஒரு லேபிள் யாருக்காக? சேர்மானப் பட்டியலில் மாதுளை தவிர வேறு ஏதாவது இருந்தால் வாங்காதீர்கள். அதற்குப் பதில் எலுமிச்சையைக் கொஞ்சம் கூட்டிப் பிழிந்துகொள்ளுங்கள்.