டார், ஜிஸிப், ஸிப்: மலையகத்திலிருந்து வந்த கேள்விகளும் என் பதில்களும்

கோப்புகளைக் கட்டளை வரியில் சுருக்குவது பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து எழுதுகிறேன். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தருகிறேன், அடிக்கும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடியுங்கள். தமிழில் எழுதினால் சில ஆங்கில எழுத்துகள் ஒன்றுபோலத் தெரியும், அந்த இடங்களில் ஒற்றை எழுத்துக்குப் பதிலாக முழுச்சொல் கட்டளையைத் தந்திருக்கிறேன். முழுச்சொல்லுக்கு முன்னால் இரண்டு கோடு வரும், மறக்க வேண்டாம்.

கேள்வி (ஹட்டன், தனியார் வகுப்பு நடத்தும் ஆசிரியர்): ஸிப் என்றால் தெரியும். ஆனால் லினக்ஸில் பெயருக்குப் பின்னால் டார் என்றும் ஜிஇசட் என்றும் இரண்டு வால் வருகிறதே, ஏன்?

பதில்: சேர், இரண்டு வேலை நடப்பதால் இரண்டு வால். டார் சேர்த்துக் கட்டும், அவ்வளவுதான். மலையில் எடுத்த கொழுந்தையெல்லாம் ஒரே படங்கில் கொட்டிக் கட்டுகிற மாதிரி. எடை குறையாது, நூறு கோப்பு ஒரே கோப்பாகும். காந்த நாடாவில் சேமித்து வைப்பதற்காக வந்த கருவி அது, 1979இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வெளியானது. ஜிஸிப் 1992இல் வந்தது. அதற்குச் சேர்த்துக் கட்டத் தெரியாது, கையில் கொடுத்த ஒரு கோப்பைச் சுருக்கும். ஃபெக்டரியில் நாலரைக் கிலோ கொழுந்து ஏறக்குறைய ஒரு கிலோ தூளாகிறதே, அந்த மாதிரி. ஆனால் தூளைத் திரும்பக் கொழுந்தாக்க முடியாது, ஜிஸிப் சுருக்கியதோ பிரித்தால் ஒரு பைட்கூடப் பிசகாமல் பழையபடி வரும். 1989இல் வந்த ஸிப் இரண்டு வேலையையும் தானே செய்கிறது, ஆனால் ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாகச் சுருக்கும். அதனால்தான் ஒரே மாதிரியான சின்னச் சின்னக் கோப்புகள் நிறைய இருந்தால் டாரும் ஜிஸிப்பும் சேர்ந்தது பெரும்பாலும் இன்னும் சின்னதாக வரும்.

கட்டளை இது: டார், இடைவெளி, கோடு போட்டு ஒட்டியபடி சிஇசட்எஃப், இடைவெளி, புதுக் கோப்பின் பெயர், இடைவெளி, போல்டரின் பெயர். எஃப் கடைசியில்தான் வர வேண்டும், ஏனென்றால் அதற்கு அடுத்து வருவதைத்தான் டார் கோப்பின் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். பிரிக்க எக்ஸ்எஃப் போதும், எதில் சுருக்கியது என்று அதுவே கண்டுபிடித்துவிடும்.

கேள்வி (நுவரெலியா, உயர்தர மாணவி): அண்ணா, பாடசாலை விளையாட்டுப் போட்டிப் படங்களைச் சுருக்கினேன். 600 எம்பி இருந்தது 592 ஆனது. நான் எதைப் பிழையாகச் செய்தேன்?

பதில்: ஒன்றும் பிழையில்லை தங்கச்சி. ஜேபெக் படம் ஏற்கெனவே சுருங்கியது. எம்பி3 பாட்டும் எம்பி4 வீடியோவும் அப்படித்தான். வேர்டின் டாக்எக்ஸ் கோப்புகூட உள்ளே ஒரு ஸிப்தான், பெயரை மாற்றித் திறந்து பாருங்கள். திரும்பத் திரும்ப வருகிற துண்டுகளைத் தேடி, "முன்னால் இத்தனை தூரத்தில் இருந்தது, அதையே எடு" என்று குறித்து வைப்பதுதான் சுருக்குகிற கருவியின் வேலை. ஏற்கெனவே சுருங்கியதில் அப்படித் திரும்ப வருவது மிச்சம் இருக்காது. படங்களை அனுப்ப மட்டும் என்றால் சுருக்காமல் டாரில் கட்டுங்கள், நேரமாவது மிஞ்சும்.

தமிழ் எழுத்துக் கோப்பு இதற்கு நேர்மாறு, அது நன்றாகச் சுருங்கும். யூனிகோட் தமிழில் ஒவ்வொரு குறிக்கும் யூடிஎஃப்-8இல் (யூனிகோட் எழுத்தைக் கோப்பில் பைட்டாக எழுதுகிற முறை அது) 3 பைட். "கி" என்று எழுதினால் ககரமும் இகரக் குறியும் சேர்ந்து 6 பைட். அந்த மூன்று பைட்டில் முதலாவது எப்போதும் ஒன்றேதான், இரண்டாவதில் இரண்டே வகைதான் வரும். அதனால் பாமினி எழுத்துருவில் வைத்திருக்கிற பழைய கட்டுரைகளை யூனிகோடுக்கு மாற்றினால் கோப்பு பெரிதாகிவிடுமே என்று தயங்க வேண்டாம், மாற்றுங்கள். கூடுகிற அளவில் பெரும்பகுதியை ஜிஸிப் திரும்பக் குறைத்துவிடும்.

கேள்வி (தலவாக்கலை பக்கத்துத் தோட்டம்): எங்கள் லயத்துப் பக்கம் சிக்னல் வந்து வந்து போகும். 400 எம்பி கோப்பு ஒவ்வொரு முறையும் பாதியில் நிற்கிறது. இறங்கிய பிறகும் "எதிர்பாராத முடிவு" என்று பிழை காட்டுகிறது.

பதில்: அந்தப் பிழைக்குப் பெரும்பாலும் அர்த்தம் ஒன்றுதான், கோப்பின் வால் வந்து சேரவில்லை. ஸிப்பாக இருந்தால் இன்னும் மோசம், உள்ளே என்னென்ன இருக்கிறது என்ற பட்டியல் அதில் கடைசியில்தான் இருக்கும், வால் போனால் பட்டியலும் போச்சு.

நீங்கள் இறக்குகிறவராக இருந்தால் டபிள்யூகெட் கட்டளையில் கோடு போட்டு சி சேருங்கள், பெரும்பாலான சேவையகங்களில் விட்ட இடத்திலிருந்து தொடரும். மழை விட்ட பிறகு திரும்ப முதலிலிருந்து தொடங்கி டேட்டாவைக் கரைக்காதீர்கள்.

அனுப்புகிறவராக இருந்தால் துண்டாக்கி அனுப்புங்கள். ஸ்பிளிட், இரண்டு கோடு போட்டு பைட்ஸ் சமன் 50எம் (இந்த எம் மட்டும் பெரிய எழுத்து), பிறகு கோப்பின் பெயர், பிறகு துண்டுகளுக்கு ஒரு முன்பெயர். ஏஏ, ஏபி என்ற வால்களோடு 50 எம்பி துண்டுகள் வரும். ஒரு துண்டு கெட்டால் அதை மட்டும் திரும்ப அனுப்பலாம். வாங்கியவர் கேட் கட்டளையில் முன்பெயரும் நட்சத்திரமும் போட்டு, வலதுபக்க அம்புக்குறியால் ஒரே கோப்பாக்கிக்கொள்வார். அனுப்பும் முன் எஸ்ஹெச்ஏ256சம் ஓட்டி, வருகிற 64 எழுத்து வரியை வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். அங்கே ஓட்டினாலும் அதே வரி வந்தால் கோப்பு முழுசாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

கேள்வி (பதுளை): தம்பி, பிறப்புச் சான்றிதழ், ஈபிஎஃப் கடதாசி, காணிக் கடதாசி எல்லாம் ஸ்கேன் பண்ணிச் சுருக்கி வைத்துவிட்டால் ஸ்கேன் பண்ணிய கோப்புகளை அழித்துவிடலாமா?

பதில்: அண்ணே, தயவுசெய்து உடனே அழிக்காதீர்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். தாத்தாவின் பழைய கடதாசிகளை ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து ஸ்கேன் செய்தேன். பிறகு டார் சிஇசட்எஃப் அடித்து, புதுக் கோப்பின் பெயரைப் போட மறந்து, நேரே போல்டரும் சாய்கோடும் நட்சத்திரமும் அடித்துவிட்டேன். நட்சத்திரம் இருந்ததால் உள்ளே இருந்த கோப்புகளின் பெயர்கள் வரிசையாக நின்றன, வரிசையில் முதலாவதாக நின்ற கோப்பின் பெயரைத்தான் டார் எடுத்துக்கொண்டு அதன்மேலேயே மூட்டையை எழுதியது. அது தாத்தாவின் குடியுரிமைக் கடதாசியின் ஸ்கேன். "இருக்கிற கோப்பின் மேல் எழுதவா?" என்று டார் கேட்காது. அதற்குள் மூலக் கடதாசியும் ஈரத்தில் பூஞ்சை பிடித்துப் போயிருந்தது. நம் ஆட்களுக்கு அந்தக் கடதாசி எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியும், இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கனக்கிறது.

அதனால் இப்போது செய்கிற வரிசை இது. கட்டியவுடன் டார், இரண்டு கோடு லிஸ்ட், பிறகு கோடு எஃப், பெயர் என்று அடித்து உள்ளே இருப்பதை வாசிக்கிறேன். அப்புறம் லிஸ்ட் இருந்த இடத்தில் கம்பேர் போட்டு ஓட்டுகிறேன், அது மூட்டையில் இருப்பதையும் டிஸ்க்கில் இருப்பதையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, வேறுபாடு இருந்தால் சொல்லும், ஒன்றும் சொல்லாவிட்டால் எல்லாம் சரி. கடைசியாக வேறொரு கம்ப்யூட்டரில் பிரித்து ஒரு படத்தையாவது திறந்து பார்க்கிறேன். திறந்து பார்க்காத மூட்டையை நான் பிரதி என்று கணக்கில் எடுப்பதில்லை.

ஒரு பென்டிரைவ் போதாது, அதுவும் அதே லயத்து அறையில் இருந்தால் போதவே போதாது. 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. ஒரு பிரதி வீட்டில், ஒன்று டவுனில் இருக்கிற சொந்தக்காரரிடம், ஒன்று இணையத்தில்.

கேள்வி (பண்டாரவளை): இணையத்தில் வைப்பதென்றால் பாஸ்வேர்ட் போட வேண்டாமா?

பதில்: கட்டாயம் போடுங்கள் அக்கா. ஆனால் ஸிப் கட்டளையின் பழைய பாஸ்வேர்ட் முறை பலவீனமானது, உடைக்க வழி தெரிந்து பல வருடமாகிறது, உள்ளே இருக்கிற கோப்புகளின் பெயர்களும் பாஸ்வேர்ட் இல்லாமலே தெரியும். செவன்ஸிப் பாவியுங்கள், அது ஏஇஎஸ்-256 முறையில் பூட்டும். கட்டளை: செவன்இசட் (செவனை இலக்கமாக அடியுங்கள்), ஏ, கோடு போட்டு பாஸ்வேர்ட் என்ற சொல்லின் முதல் எழுத்து, பிறகு கோடு எம்ஹெச்இ சமன் ஆன், பிறகு புதுக் கோப்பின் பெயர், போல்டரின் பெயர். எம்ஹெச்இ தான் கோப்புப் பெயர்களையும் மறைக்கிறது. பாஸ்வேர்டைக் கட்டளை வரியிலேயே எழுதாதீர்கள், ஷெல்லின் (நாம் அடிக்கிற கட்டளையை வாங்கி ஓட்டுகிற நிரல்) வரலாற்றில் தங்கிவிடும், அது கேட்கும்போது அடியுங்கள். மறந்தால் யாராலும் மீட்க முடியாது, கொப்பியில் எழுதி வையுங்கள்.

கேள்வி (மஸ்கெலியா): எக்ஸ்இசட் இன்னும் நன்றாகச் சுருக்குமாமே? என்னிடம் 2 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்.

பதில்: சுருக்கும், ஆனால் நேரமும் ரேமும் எடுக்கும். எவ்வளவு இறுக்கிச் சுருக்குவது என்பதற்கு அதில் எண் உண்டு, 9ஆம் அளவில் சுருக்க ஏறக்குறைய 674 எம்பி ரேம் கேட்கும், பிரவுசரும் திறந்திருந்தால் உங்கள் லேப்டாப் திணறும். இயல்பான 6ஆம் அளவுக்கு 94 எம்பி போதும், அதிலேயே இருங்கள். அவசரம் என்றால் 2016இல் வெளியான இசட்ஸ்டாண்டர்டைப் பாருங்கள், ஜிஸிப்பைவிட வேகம், பெரும்பாலும் அதைவிடச் சின்னதாகவும் வரும். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட்டின் 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள் யாரோ திட்டமிட்டுக் கள்ளக் கதவு வைத்தது பிடிபட்டது. உங்களிடம் அந்த இரண்டில் ஒன்று இருந்தால் இன்றே மாற்றுங்கள், மற்றப்படி பயமில்லை.

கேள்வி (கம்பளை): விண்டோஸில் இதெல்லாம் முடியுமா?

பதில்: விண்டோஸ் 10இன் 1803 பதிப்பிலிருந்து டார் கட்டளை கூடவே வருகிறது. கமாண்ட் ப்ராம்ப்டில் அப்படியே அடிக்கலாம். கம்பேர் மட்டும் அதில் இல்லை.

கேள்வி (ஹப்புத்தளை): பழைய டார்.ஜிஇசட்டில் புதுக் கோப்பைச் சேர்க்கப் பார்த்தால் முடியாது என்கிறது. உள்ளே இருந்து ஒரே ஒரு கோப்பை மட்டும் எடுக்கவாவது முடியுமா?

பதில்: சுருக்கியதில் சேர்க்க முடியாது, சுருக்காத டாரில் மட்டும்தான் கோடு ஆர் போட்டுச் சேர்க்கலாம். அடிக்கடி சேர்ப்பதாக இருந்தால் டாராகவே வைத்திருந்து மாதக் கடைசியில் ஜிஸிப் பண்ணுங்கள். ஒன்றை மட்டும் எடுக்க முடியும்: எக்ஸ்எஃப், மூட்டையின் பெயர், அதற்குப் பின் உங்களுக்கு வேண்டிய கோப்பின் பெயர். லிஸ்டில் போல்டரோடு எப்படித் தெரிகிறதோ அப்படியே எழுத்துக்கு எழுத்து அடிக்க வேண்டும், இல்லையென்றால் காணவில்லை என்று சொல்லிவிடும்.